ஆறு மூலக்கூறும் அரைமணி நேரமும்

இன்சுலின் குப்பியை நோயாளியின் கையில் கொடுக்கும்போது மருந்தாளுநர் சொல்வது நான்கைந்து வார்த்தைகள்தான்: சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும், குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, வெயில் படும் இடத்திலும் வைக்கக் கூடாது. மருந்தக ஜன்னலில் நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் காது பழகிப்போன வார்த்தைகள் இவை. ஆயினும் இவற்றில் ஒன்றுகூட வெறும் சடங்கு அன்று. இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்கின்றன, எப்போது பிரிகின்றன, எந்த நிலையில் முறைதவறிச் சேர்ந்து மீளாமல் போகின்றன என்ற ஒரே விஷயத்திலிருந்துதான் இவை அத்தனையும் பிறக்கின்றன. கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் மருந்தாளுநராக இருந்த இக்கட்டுரையாளர், அந்தத் தொடர்பைப் பட்டயப் படிப்பின் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாலும், அது அவருக்கு உண்மையில் விளங்கியது மலைக்குப் போன பிறகுதான்.

இன்சுலின் ஒரு புரத ஹார்மோன். உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு சென்று, வேறிடத்திலுள்ள செல்களுக்குச் செய்தி சொல்லும் பொருளை ஹார்மோன் என்பர். அமினோ அமிலம் எனப்படும் சிறு மூலக்கூறுகள் மணி கோத்ததுபோல் வரிசையாக இணைந்து உருவாவது புரதம். பெரும்பாலான புரதங்களில் நூற்றுக்கணக்கான மணிகள் இருக்க, இன்சுலினில் 51 மட்டுமே உள்ளன. அவையும் ஒரே சரமாக இல்லாமல், 21 மணிகள் கொண்ட ஏ சங்கிலி, 30 மணிகள் கொண்ட பி சங்கிலி என இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தில் உள்ள கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து உண்டாக்கும் பிணைப்பைக் கந்தகப் பாலம் எனலாம். அத்தகைய பாலங்களில் இரண்டு இவ்விரு சங்கிலிகளையும் பிணைத்து நிற்க, மூன்றாவது ஏ சங்கிலிக்குள்ளேயே ஒரு வளைவைக் கட்டி வைக்கிறது. இந்த வரிசை முழுவதையும் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கர் 1950களின் முற்பாதியில் மாட்டு இன்சுலினில் கண்டறிந்தார். ஒரு புரதத்துக்கு மாறாத, திட்டமான வரிசை உண்டு என்பதை உலகுக்கு முதலில் காட்டியது அந்த வேலைதான் என்பதால், 1958இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் இடையே பி சங்கிலியின் கடைசி மணி ஒன்றில் மட்டுமே வேறுபாடு. மாட்டு இன்சுலினிலோ மூன்று மணிகளில். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு மாட்டுக் கணையத்தின் சாறு ஊசியாகப் போடப்பட்டது முதல், 1982இல் மரபணு மாற்றிய பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது வரை, அறுபது ஆண்டுகள் மனிதர்களைக் காத்தது இந்த ஒற்றுமையே.

வரிசை தெரிந்தால் மட்டும் போதாது. மணிச்சரம் எப்படி மடிந்து கிடக்கிறது என்பதே மருந்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. பி சங்கிலியின் நடுப்பகுதி சுருள்கம்பிபோல் முறுக்கிக்கொண்டிருக்கிறது; இதை ஆல்ஃபா சுருள் என்பர். அந்தச் சுருள் முடிந்ததும் சங்கிலி ஒரு திருப்பத்தில் வளைந்து, கடைசி ஏழெட்டு மணிகள் நேராக நீட்டிய கையைப்போல் கிடக்கின்றன. நீருக்கு ஒவ்வாத, எண்ணெய்த் தன்மை கொண்ட மணிகள் இந்தக் கையில் மிகுதி என்பதால், நீரில் தனியே நிற்பதைவிட இன்னொரு மூலக்கூறின் அதே கையோடு ஒட்டிக்கொள்வது அதற்கு எளிது. ஒரே பாயில் இருவர் தலைமாறிப் படுத்திருப்பதைப்போல, ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் கால்பக்கமாக இரண்டு கைகளும் அடுத்தடுத்துப் படிய, இரண்டு மூலக்கூறுகள் ஓர் இணையாகின்றன. இவ்விணைக்கு இருபடி என்று பெயர். பி சங்கிலியில் பத்தாவது மணியாக அமைந்திருக்கும் ஹிஸ்டிடின், துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. துத்தநாகம் கரைசலில் இருக்குமானால், மூன்று இருபடிகள் அடுப்புக்கற்களைப்போல் முக்கோணமாகக் கூடி நிற்க, நடுவே செல்லும் அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துத்தநாக அயனிகள் அமர்கின்றன; ஒவ்வொரு அயனியையும் மூன்று மூலக்கூறுகளின் ஹிஸ்டிடின்கள் பிடித்துக்கொள்கின்றன. இவ்வாறு ஆறு மூலக்கூறுகள் கூடிய உருவம் அறுபடி எனப்படும். நோயாளியின் கையிலுள்ள குப்பியில் இருக்கும் இன்சுலினின் பெரும்பகுதி இந்த அறுபடிகளே.

துத்தநாகத்தின் பங்கு மெல்ல மெல்லத்தான் வெளிப்பட்டது. 1926இல் அமெரிக்காவின் ஜான் ஜேக்கப் ஏபெல் இன்சுலினைப் படிகமாக்கிக் காட்டினார். ஆனால் பிறர் செய்தபோது சில வேளை படிகம் வந்தது, சில வேளை வரவில்லை. அதற்குத் துத்தநாகம் போன்ற உலோகம் வேண்டும் என்பதை 1934இல் டொராண்டோவின் டி. ஏ. ஸ்காட் கண்டறிந்தார். அதையடுத்து 1935இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தின் ஊடாக எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி முதல் படத்தை எடுத்தார். படிகத்தில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் எக்ஸ்-கதிர்கள் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் சிதறிப் படத்தகட்டில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் அளந்து, அணுக்கள் இருக்கும் இடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஹாட்ஜ்கினின் அந்தக் கணக்கு முடிய 34 ஆண்டுகள் ஆயின. இடையே பெனிசிலினின் அமைப்பையும் வைட்டமின் பி12இன் அமைப்பையும் கண்டறிந்து 1964இல் நோபல் பரிசும் பெற்றுவிட்ட அவர், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் இன்சுலினைக் கைவிடாமல் இருந்து, 1969இல்தான் இரட்டைத் துத்தநாகம் கொண்ட பன்றி இன்சுலினின் அமைப்பைத் தம் குழுவுடன் வெளியிட்டார்.

அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியலில் எம். விஜயன் என்றொரு பெயர் உண்டு. கேரளத்தின் சேர்ப்பு ஊரில் 1941இல் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆய்வுப் பட்டத்துக்குரிய வேலையை முடித்து, ஆக்ஸ்ஃபோர்டு சென்று ஹாட்ஜ்கினுடன் பணியாற்றிய அவர், திரும்பி வந்து பெங்களூரிலேயே புரதப் படிகவியலை வேரூன்றச் செய்தார், 2022இல் மறைந்தார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் லட்சக்கணக்கான இந்தியர்களில் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. மருந்தாளுநர் பாடத்திட்டத்திலும் அப்பெயரைக் கட்டுரையாளர் கண்டதில்லை. திரை நடிகர் ஊசி மருந்து விளம்பரத்தில் வந்தால் ஊருக்கே தெரியும் நாட்டில் இது வியப்பன்று, வருத்தம் மட்டுமே.

உடல் ஏன் இந்த அறுபடியைக் கட்டுகிறது என்ற கேள்விக்கு விடை கணையத்தில் இருக்கிறது. கணையத்தின் பீட்டா செல்கள் முதலில் 86 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சரமாக முன்-இன்சுலினை உருவாக்குகின்றன. இதை 1967இல் டொனால்டு ஸ்டெய்னர் கண்டறிந்தார். இந்தச் சரம் மடிந்து, கந்தகப் பாலங்கள் அமைந்து, துத்தநாகத்தோடு அறுபடியாகக் கூடிய பிறகு, நடுவிலுள்ள துண்டு வெட்டி நீக்கப்படுகிறது; அதன்பின் கரையும் தன்மை குறைந்துவிட, சேமிப்புப் பைகளுக்குள் இன்சுலின் நுண்படிகங்களாகவே அடைகிறது. சிறு இடத்தில் நிறைய மருந்தைக் கெடாமல் பத்திரப்படுத்த இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. உணவு உண்டதும் அந்தப் பைகள் இரத்தத்தில் திறக்கின்றன. அங்கே அமிலத்தன்மை குறைந்து, துத்தநாகமும் இன்சுலினும் லட்சக்கணக்கான மடங்கு நீர்த்துப்போவதால், படிகம் கரைந்து, அறுபடி குலைந்து, இருபடியும் பிரிந்து, ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாகிறது. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் போய்ப் பொருந்துவது அந்தத் தனி மூலக்கூறு மட்டுமே. ஏனெனில் இருபடியில் இன்னொரு மூலக்கூறோடு ஒட்டிக்கிடக்கும் அதே கைதான் ஏற்பியைப் பற்றுவதற்கும் விலகித் திறக்க வேண்டியிருக்கிறது. கினிப்பன்றியின் இன்சுலினில் பத்தாமிடத்து ஹிஸ்டிடின் கிடையாது, அதனால் அறுபடியும் கிடையாது. ஆயினும் அந்த விலங்கு சர்க்கரையைச் சமாளித்து வாழ்கிறது. ஆகவே அறுபடி என்பது சேமிப்புக் குதிர். வேலை செய்வது அதிலிருந்து வெளியே வரும் தானியம்.

அரைமணி நேரத்தின் காரணம் இதுவே. கணையம் இன்சுலினை நேரே இரத்தத்தில் விடுகிறது. ஊசியோ தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் ஒரு சிறு குளத்தைத் தேக்குகிறது. அந்தக் குளத்தில் அறுபடிகள் நெருக்கமாக இருக்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கடக்க அவை மிகப் பெரியவை. சுற்றியுள்ள நீரில் நீர்த்து, கிருமி வளராமல் இருக்க மருந்தில் சேர்க்கப்படும் பினாலும் துத்தநாகமும் விலகி, ஆறு இரண்டாகவும் இரண்டு ஒன்றாகவும் பிரிந்த பிறகே மருந்து இரத்தத்தில் ஏறும். மருந்தக மேசைக்கு வரும் சாதாரண இன்சுலின், அதாவது மருத்துவமனைப் பேச்சில் பிளெயின் எனப்படுவது, வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரைமணி நேரம் எடுத்துக்கொள்வதும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சம் தொடுவதும் இதனால்தான். ஊசி போட்டவுடன் சாப்பிட்டால் சோற்றின் சர்க்கரை முன்னே ஓட, மருந்து பின்னே வரும். போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் மருந்து வந்து நிற்கும்போது சர்க்கரை இருக்காது, நோயாளிக்கு வியர்த்துக் கொட்டிக் கைகால் நடுங்கி மயக்கம் வரும்.

மலையில் இரண்டாவது தவறுதான் அதிகம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2,000 முதல் 3,000 அடி உயரத்தில், பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. கரும்பு வெட்டவும் மரவள்ளி பிடுங்கவும் நூறு நாள் வேலைக்கும் விடியற்காலையில் கிளம்ப வேண்டியவர்களுக்கு, கடிகாரத்தைப் பார்த்து அரைமணி நேரம் காத்திருப்பது என்பது நகரத்துப் பழக்கம். ஊசியைப் போட்டுக்கொண்டு, வண்டி வந்துவிட்டதென்று தூக்குச்சட்டியோடு ஏறி, வேலையிடத்தில் முதல் வரிசை முடிந்த பிறகு சாப்பிட்டவர்கள் மயங்கிக் கொண்டுவரப்பட்டதைக் கட்டுரையாளர் பல முறை பார்த்திருக்கிறார். அவர்களிடம் கேட்டால், சொன்னபடியேதான் செய்ததாகச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்னார்கள், முன்னால்தான் போட்டோம். அந்தப் பதிலில் பொய் இல்லை.

இதற்கு மருந்தகத்தில் பிறந்த விடை கடிகாரத்தில் இல்லை, அடுப்பில் இருந்தது. சிறிது காலம் அரைமணி நேரம் என்று எழுதிக் கொடுத்துச் சலித்துப்போன பின்னர், களியைக் கிண்டி இறக்கி வைத்துவிட்டு ஊசி போடும்படியும், களி ஆறியதும் சாப்பிடும்படியும் சொல்லும் வழக்கத்தைக் கட்டுரையாளர் ஏற்படுத்திக்கொண்டார். கேழ்வரகுக் களியோ சாமைச் சோறோ, இறக்கி வைத்த பானை கண்முன்னே இருந்தால் உணவு இல்லாமல் ஊசி மட்டும் உடலில் ஏறுவது நிகழாது. ஆறுவதற்கு ஆகும் நேரமும் அறுபடி குலைய ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. வயதான ஒரு பெண்மணி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மருந்தும் களி மாதிரிதான், ஆறினாத்தான் தொண்டையில எறங்கும்னு சொல்லு தம்பி" என்றார். அறுபடி குலைவதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கத்தைக் கட்டுரையாளர் எந்த நூலிலும் படித்ததில்லை.

அடுத்தது உருட்டுவது. மருந்தகங்களில் மிகுதியாகப் புழங்கும் 30/70 கலவை இன்சுலினில் 30 பங்கு தெளிந்த பிளெயின், 70 பங்கு பால்போல் கலங்கிய மருந்து. மேசையில் இவற்றுக்குத் தண்ணி மருந்து, பால் மருந்து என்றே பெயர். டென்மார்க்கின் ஹாகெடார்ன் 1936இல், மீன் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்னும் புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது மெதுவாகவே கரையும் என்று கண்டார். அதிலிருந்து 1940களில் உருவானதே என்.பி.எச். எனப்படும் இந்தப் பால் மருந்து. அறுபடிகளும் புரோட்டமினும் சேர்ந்து அடுக்கிய நுண்படிகங்கள் நீரில் மிதப்பதால்தான் அது வெண்மையாகத் தெரிகிறது. அசையாமல் வைத்தால் அவை அடியில் படிந்துவிடும். அப்படியே ஊசியில் இழுத்தால் மேலே வரும் நீரில் மருந்து குறைவு, குப்பி தீரும் தறுவாயில் மிகுதி. எனவே குறைந்தது பத்து முறையாவது உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, வெண்மை சீராகப் பரவிய பிறகே இழுக்க வேண்டும். குலுக்கினாலும் கலக்குமே என்று கேட்பார்கள். கலக்கும், ஆனால் நுரையும் வரும். நுரையால் அளவு தவறும், அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் நேரும், அது பின்னர்.

உறைதல் இந்த நுண்படிகங்களுக்கு எமன். நீர் பனிக்கட்டியாகும்போது படிகங்களை நெருக்கித் தள்ளி ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. உருகிய பிறகு அவை பிரிவதில்லை. அப்படிப்பட்ட குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எவ்வளவு உருட்டினாலும் கரையாத வெண்திட்டுகள் மிதக்கும். கண்ணாடியின் உட்சுவரில் மார்கழி அதிகாலையில் ஜன்னலில் படிவதைப்போன்ற வெண்பூச்சு ஒட்டியிருக்கும். கட்டுரையாளர் இந்தப் பாடத்தைத் தம் தவறால் கற்றார். பணியில் சேர்ந்த புதிதில், அடிவாரத்திலிருந்து மலைக்கு மருந்து ஏற்றியபோது, வேக்சின் கேரியர் எனப்படும் தடுப்பூசிப் பெட்டியில் ஆழ்குளிர்ப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ்பேக்குகளை அடுக்கி, அவற்றின்மேல் இன்சுலின் குப்பிகளை நேரடியாக வைத்துவிட்டார். கொண்டைஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தபோது பெட்டி மிக நன்றாகக் குளிர்ந்திருந்தது; அதுவே கேடு. ஐஸ்பேக்கை வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை பொறுத்து, அதன்பின் அடுக்க வேண்டும் என்பது தடுப்பூசிப் பணியாளர் எல்லோருக்கும் தெரிந்த விதி. அதை இன்சுலினுக்கும் பொருத்திப் பார்க்காமல் விட்டது மருந்தாளுநரின் குறை. அந்தப் பெட்டியின் குப்பிகள் அத்தனையும் கழிவில் போயின. மறு வரத்து வரும் வரை அந்த வாரம் பலர் பேருந்தேறிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டியதாயிற்று.

குளிர் எவ்வளவு தேவை என்றால், திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ். தடுப்பூசிக்கென்றே உள்ள ஐ.எல்.ஆர். பெட்டியில் வேறு மருந்தை வைக்க விதி இடம் தராது. எனவே மருந்தகத்துக்குத் தனிக் குளிர்பெட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அதுவும் இல்லை. வீட்டில் திறந்து பயன்படுத்தும் குப்பியை ஏறத்தாழ நான்கு வாரம் மிதமான அறை வெப்பத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மலைமேல் ஆண்டின் பெரும்பகுதிக்கு அது சிரமமன்று. சிரமம் சித்திரை, வைகாசியிலும், வேலைக்காகச் சமவெளிக்கு இறங்கித் தகரக் கொட்டகைகளில் தங்குபவர்களுக்கும்தான்.

வெப்பமும் குலுக்கலும் செய்வது உறைதலைவிட நுட்பமான கேடு. அறுபடியாக இருக்கும்வரை மூலக்கூறின் எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் உள்ளே மறைந்து பத்திரமாக இருக்கின்றன. வெப்பத்தில் அறுபடி குலைந்து தனி மூலக்கூறுகள் பெருகும்போது, அவற்றுள் சில தம் மடிப்பும் அரைகுறையாக அவிழ்ந்து, மறைந்திருக்க வேண்டியதை வெளியே காட்டுகின்றன. குலுக்கும்போது உண்டாகும் காற்றுக்குமிழ்களின் மேற்பரப்பும் இதே அவிழ்ப்பைத் தூண்டும். அவிழ்ந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீண்ட நுண்ணிழைகளாகின்றன. இது இன்சுலின் கூடுவதுதான், ஆனால் பிரிய வழியில்லாத கூட்டம். தெளிந்திருக்க வேண்டிய பிளெயின் மங்கலாகத் தெரிந்தாலோ, நூல்போல் ஏதோ மிதந்தாலோ அது இந்த இழைகளின் அடையாளம். எல்லாக் கேடும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இதில் கவலைக்குரியது. வேகமாக ஓடும் மினி பேருந்தின் எஞ்சின் மூடிமேல் பையை வைத்துக்கொண்டு மலையேறி, வெயிலில் காய்ந்து குலுங்கி வந்த குப்பி பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், ஆனால் மருத்துவர் யூனிட்டுகளை ஏற்றிக்கொண்டே போக, சர்க்கரை மட்டும் இறங்காமல் நிற்கும். அப்போது நோயாளியைக் கடிந்துகொள்வதற்கு முன் குப்பியை விசாரிப்பதே முறை.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளுக்கு மண்பானையே துணை. பெரிய பானையில் ஈரமணலை இட்டு, நடுவே சிறு பானையைப் பதித்து, அதனுள் மூடிய எவர்சில்வர் டப்பாவில் குப்பியை வைத்து நிழலில் வைத்தால், மண்ணின் துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வெளிவெப்பத்தைவிடச் சில பாகை குறையும். காற்று உலர்ந்திருக்கும் கோடையில் இது நன்கு வேலை செய்யும். மூடுபனி இறங்கும் மாதங்களில் ஆவியாதல் குறைந்து பயன் குறையும், ஆனால் அப்போது அது தேவையும் இல்லை. நீரில் குப்பி மூழ்கி ரப்பர் மூடி அழுக்காகக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டியிருந்தது.

குப்பியைத் திறந்ததும் ஃபினாயில் அடித்த தரைபோல் ஒரு வாடை வருவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். பினாலும் மெட்டா கிரெசாலும் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கப்படுபவை; ஆனால் அவை எதிர்பாராத இன்னொரு வேலையும் செய்கின்றன. அறுபடியின் இடுக்குகளில் ஆறு பினால் மூலக்கூறுகள் போய் அமர, பி சங்கிலியின் முன்பகுதியும் சுருளாக முறுக்கிக்கொண்டு, கட்டு மேலும் இறுகுகிறது. இந்த மாற்றத்தின் திருப்புமுனை எட்டாமிடத்தில் உள்ள கிளைசின் என்னும் மணி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணனோடும் வி. சசிசேகரனோடும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு மணியும் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டுவது. பக்கக் கிளை இல்லாத கிளைசின் ஒன்றுக்கு மட்டும் அந்த வரைபடத்தில் பிற மணிகளுக்கு அடைபட்ட இடங்களும் திறந்திருக்கின்றன. பினால் இல்லாதபோது இன்சுலினின் எட்டாமிடம் அத்தகைய அடைபட்ட இடத்தில் நிற்கிறது, பினால் வந்ததும் எல்லோருக்கும் பொதுவான இடத்துக்குத் திரும்புகிறது. கிண்டியில் தாளில் போட்ட கோணக் கணக்கு, மலைமேல் ஒரு குப்பியின் வாடையில் வந்து முடிகிறது.

அளவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அரசு மருந்தகத்துக் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட் கொண்டது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலில் போவது 8 யூனிட். கார்ட்ரிட்ஜிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். முன்னது மெல்லக் கெடுக்கும், பின்னது அன்றே ஆளைச் சாய்க்கும். ஒரு யூனிட் என்பது எடையில் ஒரு மில்லிகிராமின் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்தான் என்றாலும், அதற்குள் ஏறக்குறைய 3,600 லட்சம் கோடி மூலக்கூறுகள் உள்ளன என்ற கணக்கைக் கட்டுரையாளர் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அளவில் அலட்சியம் குறைய அது ஓரளவு உதவியது.

அறுபடியின் அமைப்பு தெரிந்த பிறகு, அதை வேண்டியபடி தளர்த்தவும் இறுக்கவும் முடிந்தது. பி சங்கிலியின் 28ஆம் இடத்துப் புரோலினும் 29ஆம் இடத்து லைசினும் இருபடியின் ஒட்டுமிடத்தில் நிற்பவை. அவ்விரண்டையும் இடம் மாற்றியதே 1996இல் வந்த லிஸ்ப்ரோ. அதே 28ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்தை வைத்தது அஸ்பார்ட். இரண்டிலும் மூலக்கூறுகளின் பிடி தளர்ந்திருப்பதால், தோலுக்கடியில் போனதும் விரைந்து பிரிகின்றன. சாப்பிட உட்காரும்போதே போடலாம். எதிர்த்திசையில், கிளார்ஜின் அமிலக் கரைசலில் தெளிவாக இருந்து, உடலின் நடுநிலைச் சூழலில் வீழ்படிவாகி நாள் முழுவதும் கரைகிறது. டெக்ளுடெக்கோ கொழுப்பு அமில வால் ஒன்றைத் தாங்கி, பினால் விலகியதும் அறுபடிகள் இரயில் பெட்டிகள்போல் கோத்து நீண்டு, நுனியிலிருந்து கழன்று கழன்று இரத்தத்தில் சேர்கிறது.

மலையைச் சுற்றியும் மாற்றங்கள் வந்தன. கட்டுரையாளர் பணியாற்றிய மலைப்பகுதி அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. 2022இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இவையெல்லாம் மலைக்கு நல்லதே செய்திருக்கின்றன. ஆனால் கட்டுரையாளரின் பணிக்காலம் முழுவதும் அவருடைய மேசைக்கு வந்தவை பிளெயினும் 30/70உம் மட்டுமே. விரைந்து பிரியும் இன்சுலின் ஒரு முறைகூட வரவில்லை. விலை அதிகம், அது வசதியுள்ள நகரத்தாருக்கான மருந்து என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. குளிரூட்டிய அறையில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருப்பவரால் அரைமணி நேரம் காத்திருக்க முடியும். விடியலில் கரும்பு வண்டி ஏறுபவரால் முடியாது. எந்த நோயாளிக்கு எது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் தீர்மானிப்பதற்கு மருந்து முதலில் மருந்தக ஜன்னலுக்கு வந்திருக்க வேண்டும். மலை மருந்தகங்களின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை, ஊசி போட்டுக்கொள்பவர்கள் களியை இறக்கி வைத்துவிட்டே குப்பியை எடுக்கட்டும்.